சி.கே. 18,400, ஸ்ட்ரிப்பில் ‘இல்லை’: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளும் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரரின் மீட்சியும்

ஐம்பது கிலோமீட்டர் பந்தயம் முடிந்த மறுநாள் காலை அவர் வந்தார். ஆண், வயது 43, எடை 68 கிலோ, உட்கார்ந்து செய்யும் வேலை, ஏழு வருடமாக ஓடுகிறவர். மாரத்தானில் சிறந்த நேரம் 3 மணி 28 நிமிடம். கடந்த ஒரு வருடமாகத்தான் மாரத்தானைத் தாண்டிய தூரங்களுக்குப் போகிறார். இரண்டு தொடைகளும் முன்பக்கம் தொட்டாலே வலித்தன. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் உட்கார முடியவில்லை. முந்தின நாள் மாலை சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போயிருக்கிறது. பந்தயத் திடலில் இருந்த முதலுதவிக் குழு சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்து, ரத்தம் இல்லை, தண்ணீர் குறைச்சல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் வைத்த ஸ்ட்ரிப்பிலும் ரத்தத்துக்கான கட்டம் மஞ்சளாகவே இருந்தது. ஆனால் குப்பியில் இருந்த சிறுநீர் இன்னும் பழுப்புதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்மஞ்சளாகும், இந்த நிறத்துக்கு வராது. எனவே ரத்தம் எடுத்து அனுப்பினோம். கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே., லிட்டருக்கு 18,400 யூனிட் வந்தது. சாதாரணமாக இது இருநூறைச் சுற்றி இருக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 4.4. நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இல்லை. சிறுநீரில் தசைக்குள் இருக்கும் புரதமான மயோகுளோபின் இருந்தது. கடும் உழைப்பால் தசை நார்கள் சிதைந்து உள்ளிருப்பவை ரத்தத்தில் கலக்கும் நிலை, அதாவது ராப்டோமயோலிசிஸ். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு சி.கே. ஆயிரக்கணக்கில் ஏறுவது புதிதில்லை, பெரும்பாலானவர்களுக்கு அது ஓய்விலேயே இறங்கிவிடும். நிறம் மாறிய சிறுநீரும் சேர்ந்து வந்ததால்தான் இவரை அனுமதித்தோம்.

இது அவருடைய சிகிச்சைக் குறிப்புகளிலிருந்து எழுதியது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஸ்ட்ரிப் ஏன் பொய் சொன்னது

ஸ்ட்ரிப்பின் அந்தக் கட்டம் ரத்தத்தை நேரடியாகத் தேடுவதில்லை. ஹீம் என்ற இரும்புப் பகுதி கொண்ட புரதம் எதுவாக இருந்தாலும், ஹீமோகுளோபினோ மயோகுளோபினோ, கட்டத்தில் ஊறவைத்திருக்கும் பெராக்சைடின் துணையோடு ஒரு சாயப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யும். சாயம் பச்சைக்கு மாறும். சிறுநீரில் வைட்டமின் சி ஏராளமாக இருந்தால் அது முந்திக்கொண்டு அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துவிடும். நிறம் மாறாது. சர்க்கரைக்கான கட்டமும் பல ரக ஸ்ட்ரிப்புகளில் இதேபோல ஏமாறும். சில நிறுவனங்கள் அயோடேட் சேர்த்து இதைச் சமாளிக்கின்றன. வேறு சில ஸ்ட்ரிப்புகளில் வைட்டமின் சி இருப்பதைக் காட்டவே தனிக் கட்டம் உண்டு. அந்த இரண்டாவது ரகம் எங்களிடம் ஒரு டப்பா இருந்தது. வைத்ததும் வைட்டமின் சி கட்டம் அதன் உச்ச நிறத்துக்குப் போனது.

மறுநாள் காலை, மாத்திரை எதுவும் எடுக்காமல் தந்த சிறுநீரில், முதலில் ஏமாற்றிய அதே ரக ஸ்ட்ரிப் லேசாகப் பச்சை காட்டியது. இத்தனை மாதம் அவர் விழுங்கிய ஆன்டிஆக்சிடன்ட் தன் வேலையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்ததை நான் கண்ணால் பார்த்தது அந்தக் காகிதத் துண்டில் மட்டும்தான்.

பையில் இருந்தவை

“என்னென்ன மருந்து எடுக்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “மருந்து எதுவும் இல்லை டாக்டர், வைட்டமின்ஸ் மட்டும்தான்” என்றார். நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் இந்தப் பதில் அடிக்கடி வரும், அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டிலிருந்து எல்லா டப்பாக்களையும் எடுத்துவரச் சொன்னேன். மனைவி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வைட்டமின் சி 1000 மில்லிகிராம், காலையும் இரவும். வைட்டமின் ஈ 400 ஐ.யு. (சர்வதேச அலகு). என்-அசிட்டைல் சிஸ்டீன் 600 மில்லிகிராம், இரண்டு வேளை. கோஎன்சைம் கியூ10, 100 மில்லிகிராம். அப்புறம் ‘ரெக்கவரி’ என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பவுடர். அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு கரண்டிக்கு மேலும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி. கூட்டினால் நாளுக்கு 2,500. பெரியவர்களுக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம்தான் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. அதைத் தாண்டியிருப்பது அவருக்கே தெரியாது, ஏனென்றால் எந்த டப்பாவும் இன்னொரு டப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை.

இதில் பெரும்பகுதி உடம்பில் தங்கவும் இல்லை. 1996-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏழு ஆரோக்கியமான ஆண்களை வைத்து இதைத் துல்லியமாக அளந்தார்கள். ஒரே வேளையில் 200 மில்லிகிராம் கொடுத்தால் முழுக்க உறிஞ்சப்படுகிறது. அளவு கூடக்கூட உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. 1,250 மில்லிகிராமில் பாதிக்கும் கீழே போகிறது. உள்ளே போனதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

பையில் இல்லாத ஒன்றையும் கடைசியில் சொன்னார். பந்தயத்தின் நடுவில் மூன்று முறை இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் போட்டிருக்கிறார், முழங்கால் வலிக்காக. 2017-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் 89 நெடுந்தூர ஓட்டக்காரர்களை 80 கிலோமீட்டர் கட்டத்தில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் இபுப்ரோஃபென் பக்கம் 52 சதவீதம், போலி மாத்திரைப் பக்கம் 34 சதவீதம். இவருடைய பையிலிருந்த எல்லாவற்றையும்விட அவசரமாக நிறுத்த வேண்டியது அந்த வலி மாத்திரைதான், அதையே முதலில் சொன்னேன்.

நரம்பு வழியே உப்புநீர், இரண்டு நாள் கண்காணிப்பு. சி.கே. இரண்டாம் நாள் 21,000 வரை ஏறி, அப்புறம் தினமும் பாதிக்குப் பக்கமாக இறங்கி, பன்னிரண்டாம் நாள் 290-க்கு வந்தது. கிரியேட்டினின் 0.9. டயாலிசிஸ் பேச்சே எழவில்லை.

உண்மையான குறை

உடனடிப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் அவர் தன் பழைய குறையைச் சொன்னார். ஒரு வருடமாக ரெக்கவரி சரியில்லை. முன்பெல்லாம் 30 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு நாளில் கால் லேசாகிவிடும், இப்போது ஐந்து ஆறு நாள் ஆகிறது. நேரமும் முன்னேறவில்லை. அதற்காகத்தான் இந்த மாத்திரைகள். இன்னும் வலுவான ஆன்டிஆக்சிடன்ட் ஏதாவது உண்டா என்று கேட்கவே எப்படியும் வர இருந்தாராம்.

இந்த இடத்தில், மாத்திரைகள்தான் மீட்சியைக் கெடுத்தன என்று எழுதிவிடுவது எளிது. நல்ல கதையாகவும் இருக்கும். அவருடைய கைக்கடிகாரப் பதிவும் பயிற்சிக் குறிப்பேடும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘கால் கனம்’, ‘படி இறங்கினால் வலி’ போன்ற குறிப்புகள் முதல் டப்பா வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தன. அதே வாரங்களில்தான் வாரத்துக்கு இரண்டாக இருந்த கடினப் பயிற்சிகள் மூன்றாகியிருக்கின்றன. வார தூரம் 60 கிலோமீட்டரிலிருந்து 90-ஐத் தொட்டிருக்கிறது. வேலையில் புதிய பொறுப்பு வந்து தூக்கம் ஐந்து ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. எடை குறைக்க மாவுச்சத்தையும் வெட்டியிருந்தார். ஒரு வாரம் எழுதிவைத்த உணவுக் கணக்கில் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 3 கிராம் மாவுச்சத்துதான் தேறியது. தினம் ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஓடுகிறவருக்கு 6 முதல் 10 கிராம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 22, குறைவுதான்; ஹீமோகுளோபின் 14.1, தைராய்டு சரி.

ஆக, மீட்சி கெட்டது முதலில், மாத்திரை வந்தது பிறகு. மாத்திரை இந்தக் கதையில் குற்றவாளி இல்லை. ஆனால் அது இருந்தவரை, தூக்கத்தையும் சாப்பாட்டுத் தட்டையும் யாரும் பார்க்கவில்லை, அவர் உட்பட.

ஏன் இந்த மாத்திரைகள் மேல் இவ்வளவு நம்பிக்கை

நம்பிக்கைக்கு அடித்தளம் நல்ல விஞ்ஞானம்தான். கடுமையாக உழைக்கும்போது உடம்பு ஓய்வைவிடப் பத்து இருபது மடங்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. 1978-இல், உடற்பயிற்சி செய்கிறவர்களின் மூச்சில் பென்டேன் வாயு கூடுகிறது, அதாவது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது, என்று கண்டார்கள்; வைட்டமின் ஈ கொடுத்தபோது அது குறைந்தது. 1982-இல் களைத்து விழும்வரை ஓடிய எலிகளின் தசையிலும் ஈரலிலும் ஃப்ரீ ராடிக்கல், அதாவது சட்டென்று வினைபுரிந்து செல்களைச் சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகளின், அளவு இரண்டு மூன்று மடங்கு இருந்ததை நேரடியாக அளந்தார்கள். அதற்கும் முன்பே 1956-இல் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே ஃப்ரீ ராடிக்கல்கள் காரணம் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் முடிவு தானாக வருகிறது: ஓட்டம் தீமூட்டுகிறது, ஆன்டிஆக்சிடன்ட் அணைக்கிறது.

இதில் விடுபட்ட விஷயம், அந்தத் தீயை உடம்பு ஒரு செய்தியாகவும் பயன்படுத்துகிறது என்பது. சுருங்கும் தசை தன் நொதிகளைக் கொண்டு, குறிப்பாக என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் மூலம், இந்த மூலக்கூறுகளைத் தானே உண்டாக்குகிறது. அவை கூடும்போது பிஜிசி-1 ஆல்ஃபா போன்ற புரதங்கள் விழிக்கின்றன. செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் புதிதாக உருவாகின்றன. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று உடம்பின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளும் கூடுகின்றன. பயிற்சி செய்தால் தாங்குதிறன் கூடுவது என்று நாம் சொல்வதில் ஒரு பெரும்பகுதி இதுதான். செய்தியைப் பாதியில் அழித்துவிட்டு பதிலை எதிர்பார்ப்பதில் சிக்கல் இருக்கிறது.

இது வெறும் கோட்பாடாக நின்றுவிடவில்லை. 2008-இல் ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்துக் குழு 14 ஆண்களுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்தது. சிலருக்கு தினம் 1 கிராம் வைட்டமின் சி. மாத்திரை எடுக்காதவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு 22 சதவீதம் கூடியது, எடுத்தவர்களுக்கு 10.8. எண்ணிக்கை மிகச் சிறியது, மனிதர்களில் அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியாகவும் இல்லை. ஆனால் அதே ஆய்வின் எலிகளில் வித்தியாசம் முகத்தில் அடித்தாற்போல இருந்தது: தாக்குப்பிடித்து ஓடும் நேரம் வைட்டமின் சி இல்லாத கூட்டத்தில் 186.7 சதவீதம் கூடியது, வைட்டமின் சி கூட்டத்தில் 26.5 மட்டும். அடுத்த வருடம் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவின் குழு, நான்கு வாரப் பயிற்சியோடு தினம் 1,000 மில்லிகிராம் சி-யும் 400 ஐ.யு. ஈ-யும் கொடுத்துப் பார்த்தது. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குவது மாத்திரை எடுக்காதவர்களிடம் மட்டுமே தெரிந்தது.

சரி, அப்படியானால் கேஸ் முடிந்ததா? இல்லை. 2010-இல் டென்மார்க்கில் பன்னிரண்டு வாரம், வாரம் ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, சி 500 மில்லிகிராமும் ஈ 400 ஐ.யு.-வும் தந்தார்கள். பயிற்சியின் பலனில் மாத்திரை எந்த வித்தியாசமும் உண்டாக்கவில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. 2014-இல் நார்வேயில் 54 இளம் ஆண்களும் பெண்களும் சி, ஈ அல்லது போலி மாத்திரையோடு பதினோரு வாரம் பயிற்சி செய்த ஆய்வுதான் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுகிறது. மைட்டோகாண்ட்ரியா கூடுவதைக் காட்டும் தசைப் புரதங்கள் போலி மாத்திரைக் கூட்டத்தில் மட்டும் ஏறின. ஆனால் உச்ச ஆக்சிஜன் பயன்பாடும் ஓட்டத் தேர்வின் முடிவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூடின. தசைக்குள் ஏதோ தடைபடுகிறது. பதினோரு வாரத்தில் அது களத்தில் தெரியவில்லை. வருடக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பரிசோதனையை வைத்தும் சொல்ல முடியாது.

எண் குறைவது வேறு, கால் மீள்வது வேறு

இவருக்குத் தேவைப்பட்டது உச்ச ஆக்சிஜன் அல்ல, ஆறாம் நாளும் வலிக்கும் தொடைக்கு ஒரு வழி. அதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு, அவருடைய பந்தயத் தூரமேதான். 22 ஓட்டக்காரர்கள் 50 கிலோமீட்டர் பந்தயத்துக்கு முன் ஆறு வாரம் சி 1,000 மில்லிகிராமும் ஈ 300 மில்லிகிராமும், அல்லது போலி மாத்திரையும் எடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான எஃப்2-ஐசோபிராஸ்டேன் ஏறவில்லை. ஆகா என்று சொல்லத் தோன்றும். ஆனால் தசை பலம் குறைந்த அளவு, அது திரும்பிய வேகம், தசைச் சிதைவின் குறியீடுகள், அழற்சி எல்லாம் இரண்டு கூட்டத்திலும் ஒன்றுதான். 2006-இல் வந்தது இது. அளவுகோல் குளிர்ந்தது, தொடைக்கு அது தெரியவே இல்லை.

காரணம் புரியாதது அல்ல. இறங்கு சரிவில் ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்குகிறது. நாரின் உள்கட்டமைப்பு இழுபட்டுக் கிழிவது முதலில் இயந்திரச் சேதம். அதன் பிறகு வெள்ளணுக்கள் வந்து சிதைந்ததை அகற்றுகின்றன, அதற்கு அவை பயன்படுத்துவதும் இதே ஆக்சிஜன் மூலக்கூறுகளைத்தான். ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வரும் வலி பெரும்பாலும் இந்தச் சுத்தப்படுத்தலின் காலம். லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். சுத்தப்படுத்தலைத் தடுத்தால் மீட்சி தள்ளிப்போகவும் கூடும். 2006-இல் வேறொரு ஆய்வில், இறங்கு சரிவில் ஓடியவர்களுக்கு தினம் 1 கிராம் வைட்டமின் சி கொடுத்தபோது வலி குறையவில்லை, தசையின் செயல்திறன் திரும்புவதுதான் தாமதமானது.

என்-அசிட்டைல் சிஸ்டீனுக்கு இரண்டு முகம். நரம்பு வழியே செலுத்தியபோது, பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் களைத்து நிறுத்தும்வரையான நேரம் கால்வாசிக்கு மேல் கூடியது, 2004-இல். அந்தச் செய்திதான் ஓட்டக்காரர்களிடம் பரவியது. தசையைச் சேதப்படுத்தும் பயிற்சிக்குப் பிறகு தொடர்ந்து அதைக் கொடுத்த 2013 ஆய்வில் அழற்சி குறைந்தது, கூடவே தசை சீராகும் சமிக்ஞைகளும் மங்கி, பலம் திரும்புவது பின்தங்கியது. அது பரவவில்லை.

வைட்டமின் ஈ பற்றி ஒன்று. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டிக்கு முன் இரண்டு மாதம் தினம் 800 ஐ.யு. எடுத்த வீரர்களின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அடையாளம் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாக ஏறியது. குறையவில்லை, ஏறியது. அதிக அளவில் ஆன்டிஆக்சிடன்டே எதிர்ப்பக்கம் சாயலாம் என்பதற்கு வேறு நல்ல உதாரணம் தேட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வைட்டமின் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பல வருடம் தினம் 400 ஐ.யு. எடுத்த ஆண்களில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011-இல் ஒரு பெரிய அமெரிக்கப் பரிசோதனை அறிவித்தது. இவர் 43 வயது ஆண், தினம் 400 ஐ.யு. எடுத்தவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வலி விஷயத்தில் மொத்தக் கணக்கு, மருத்துவப் பரிசோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பில் இருக்கிறது: 50 ஆய்வுகள், 1,089 பேர், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். பத்து அளவுள்ள வலிக்கோட்டில் ஆன்டிஆக்சிடன்ட் குறைத்தது சராசரியாக அரைப் புள்ளி அளவு, பல நேரங்களில் அதைவிடக் குறைவு. ஓடுகிறவர் உணரக்கூடிய மாற்றம் இல்லை. புளிப்புச் செர்ரிச் சாறு மட்டும் கொஞ்சம் தனித்து நிற்கிறது. 2010-இல் லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் அதைக் குடித்தவர்களின் தசை பலம் சற்று வேகமாகத் திரும்பியது. சிறிய ஆய்வு, கேட்கிறவர்களுக்கு நான் தடை சொல்வதில்லை.

என்ன செய்தோம்

எல்லா டப்பாக்களும் மூடப்பட்டன. இரண்டு வாரம் நடை மட்டும். பிறகு மெதுவோட்டம், ஆறாம் வாரம் முதல் வாரத்துக்கு ஒரு கடினப் பயிற்சி, பத்தாம் வாரத்தில் இரண்டு. மூன்றாவதற்கு அனுமதி இல்லை என்பதில் அவருக்கு வருத்தம்தான். மாவுச்சத்தைக் கிலோவுக்கு 6 கிராமுக்குக் கொண்டுவந்தோம், பெரும்பகுதியை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும். ஃபெரிட்டினுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை. தூக்கம்தான் பெரிய பேரம். விடிகாலை ஓட்டங்களில் இரண்டை மாலைக்கு மாற்றிய பிறகு ஏழு மணி நேரத்தை எட்டினார்.

மீட்சியை அளக்க ரத்தப் பரிசோதனையை நம்பவில்லை. நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் உயரம், படி இறங்கும்போது பத்துக்கு எத்தனை வலி, இந்த இரண்டு மட்டும். முதல் மாதத்தில் 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகே குதிக்கும் உயரம் பழைய 34 சென்டிமீட்டருக்குத் திரும்ப நான்கு நாள் ஆனது. பன்னிரண்டாம் வாரம் 30 கிலோமீட்டருக்குப் பிறகு இரண்டு நாள்.

அவர் திருப்தியாகவில்லை. “நீங்க எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டீங்க டாக்டர். மாத்திரையும் இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் சரியாகி இருக்கும்ல?” நியாயமான கேள்வி, பொறியாளர் மூளை. பதிலை அவர் காலிலேயே பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

வைட்டமின் ஈ கொழுப்பில் தேங்கி வாரக்கணக்கில் தங்கும், மாறிமாறிக் கொடுத்து ஒப்பிட உதவாது. எனவே சி மட்டும், 500 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது அதேபோன்ற போலி மாத்திரை. மருந்தாளுநர் ஒருவர் ஒரே மாதிரி குப்பிகளில் அடைத்து வரிசையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், எனக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நீண்ட இறக்கம் கொண்ட அதே 28 கிலோமீட்டர் பாதை, மொத்தம் நான்கு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பிருந்து மூன்று நாள் பின்புவரை குப்பி. வீட்டில் சிறுநீர் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன், வைட்டமின் சி கட்டம் ஒரே நிமிடத்தில் ரகசியத்தை உடைத்துவிடும்.

48 மணி நேரத்தில் படி இறங்கும் வலி வரிசையாக 5, 4, 3, 3. குதிக்கும் உயரம் நான்கு முறையும் முதல் நாள் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுந்து, மூன்றாம் நாளுக்குள் திரும்பியது. எந்த ஓட்டத்தில் நிஜ மாத்திரை என்று அவர் ஊகித்ததில் இரண்டு சரி, இரண்டு தவறு. வரிசையைப் பிரித்தபோது சி, போலி, போலி, சி. வலி இறங்கியது குப்பியைப் பார்த்தல்ல. அந்த இறக்கத்துக்குத் தசை பழகியதைப் பார்த்து. ஒரே வகைச் சேதத்தை இரண்டாம் முறை சந்திக்கும் தசை குறைவாகவே சேதமடையும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம், எந்த மாத்திரையின் விளைவையும்விட அது பெரியது.

இந்தக் கேஸ் எதைக் காட்டாது

நான்கு ஓட்டம், ஒரே ஆள். சிறிய பலன் இருந்திருந்தால் இந்த அளவுகோலில் பிடிபட்டிருக்காது. மாத்திரைகளை நிறுத்தியதால் பயிற்சிப் பலன் கூடியதா என்பதற்கும் இதில் விடை இல்லை. தூக்கம், உணவு, சுமை மூன்றும் கூடவே மாறின. ராப்டோமயோலிசிஸுக்கும் மாத்திரைகளுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. வெயில் நாள், பழகாத தூரம், அரைகுறை மாவுச்சத்து, நடுவில் வலி மாத்திரை, இவையே போதுமான காரணங்கள். வைட்டமின் சி செய்தது நோயறிதலை ஒரு இரவு தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். அந்த இரவில் சிறுநீரகம் தாக்குப்பிடித்தது அதிர்ஷ்டம்.

உண்மையான பற்றாக்குறை உள்ளவருக்கு இந்த வாதங்கள் பொருந்தாது. அங்கே வைட்டமின் கொடுப்பது குறையை நிரப்புவது.

இப்போது

ஏழு மாதம் கழித்து, 90 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பதிவு செய்துவிட்டு வந்தார். இந்த முறை கையில் ஒரு கேள்வி: பந்தயத்துக்குப் பிறகு வரும் சளிக்கு வைட்டமின் சி உதவும் என்கிறார்களே? உதவக்கூடும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தானில், ஏறத்தாழ அதே 90 கிலோமீட்டர், 21 நாள் முன்பிருந்து தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரைக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கும் பந்தயத்துக்கு அடுத்த இரண்டு வாரத்தில் சளி அறிகுறி வந்ததாக 1993 ஆய்வு சொன்னது. கடும் உடலுழைப்பில் இருந்த 598 பேரைக் கொண்ட ஐந்து பரிசோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்விலும் சளி வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகியிருந்தது. சாதாரண மக்களிடம் தெரியாத பலன் இந்தக் கூட்டத்தில் மட்டும் தெரிகிறது.

கடைசி மூன்று வாரம் பயிற்சியைக் குறைக்கும் காலம். புதிதாகத் தசை கட்ட வேண்டியது எதுவும் அப்போது இல்லை. தடைபட்டாலும் இழப்பு குறைவு. எனவே தினம் 500 மில்லிகிராம், ஒரே வேளை, மூன்று வாரத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். ஈ, என்-அசிட்டைல் சிஸ்டீன், பவுடர் எதுவும் கிடையாது. முழங்கால் வலித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இபுப்ரோஃபென் பக்கம் போகக் கூடாது. பந்தயம் முடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சி.கே., கிரியேட்டினின் இரண்டையும் ரத்தத்திலேயே பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.